யாரும் போய் அளக்காத நட்சத்திரத்தின் தூரம் எப்படித் தெரியும்? அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

திருவாதிரை நட்சத்திரத்துக்கு ஒரு இடத்தில் 430 ஒளியாண்டு, இன்னொரு இடத்தில் 640, வேறொன்றில் 550 என்று போட்டிருக்கிறதே, ஆளுக்கொரு எண்ணை அடித்துவிடுகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுமே முறையாக அளந்து வந்த எண்கள்தான். அளப்பதற்குத் திருவாதிரை மிக மோசமான நட்சத்திரம், அவ்வளவே. அது ஏன் என்பதற்கு முன் அளக்கும் முறையைப் பார்த்துவிடலாம்.

பூமிக்கும் சூரியனுக்கும் இடையே சராசரியாக 14.96 கோடி கி.மீ. ஒரு நட்சத்திரத்தை இன்று படம் எடுத்து, ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்தால், ஏறத்தாழ 30 கோடி கி.மீ. தள்ளியுள்ள இரண்டு இடங்களிலிருந்து பார்த்ததாக ஆகிறது. மிகத் தொலைவில் உள்ள பின்னணி அசையாமல் நிற்க, அருகில் உள்ள நட்சத்திரம் கொஞ்சம் நகர்ந்து தெரியும். அந்த நகர்வில் பாதிதான் இடமாறு கோணம். கோணத்தை விகலையில் (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) எழுதிக்கொண்டு, 1-ஐ அதனால் வகுத்தால் தூரம் பார்செக்கில் வரும். 3.26-ஆல் பெருக்கினால் ஒளியாண்டு. சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள பிராக்ஸிமா சென்டாரிக்குக் கோணம் 0.768 விகலை. எனவே 1.30 பார்செக், அதாவது 4.24 ஒளியாண்டு.

கணக்கு பள்ளிப் பிள்ளைகூடப் போடக்கூடியது. கஷ்டமெல்லாம் கோணத்தில். ஒரு விகலை என்பது இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு சென்டிமீட்டர். எந்த நட்சத்திரத்தின் இடமாறும் அந்த ஒரு விகலையைக்கூட எட்டுவதில்லை. காற்று மண்டலத்தின் கலக்கமோ நட்சத்திரத்தின் பிம்பத்தையே சுமார் ஒரு விகலை அகலத்துக்குக் கலைத்துவிடுகிறது. அப்படியிருந்தும் 1838-இல் ஃபிரெடரிக் பெசல் 61 சிக்னி என்ற நட்சத்திரத்துக்கு 0.31 விகலை என்று அளந்து வெளியிட்டார். இன்றைய மதிப்பு 0.286. கண்ணால் பார்த்து, கையால் திருகு திருப்பி அளந்த காலத்தில் பத்து சதவீதத்துக்குள் வந்தது பெரிய சாதனை.

வேறு சிக்கல்களும் உண்டு. நட்சத்திரம் தன் போக்கிலும் நகர்கிறது. அதனால் வானில் அதன் தடம் அலையலையாக நெளியும். நேர்நகர்வையும் ஆண்டுக்கொரு முறை வரும் ஆட்டத்தையும் பிரிக்க இரண்டு படங்கள் போதாது, பல ஆண்டுப் பதிவுகள் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துணை நட்சத்திரம் ஒன்று கூடவே சுற்றினால் இன்னொரு ஆட்டம் சேர்ந்துகொள்ளும். அதன் சுற்றுக்காலம் ஏறத்தாழ ஓராண்டாக அமைந்துவிட்டால் எது இடமாறு, எது துணையின் இழுப்பு என்று பிரிப்பது மிகக் கடினம். பின்னணி நட்சத்திரங்களுக்கும் சிறிது இடமாறு உண்டு என்பதால், ஒரே சட்டகத்துக்குள் ஒப்பிட்டால் அளவு குறைவாகவே வரும். இதைத் தவிர்க்கத்தான் காயா விண்கலத்தில் 106.5 பாகை இடைவெளியில் இரண்டு தொலைநோக்கிகளை வைத்தார்கள். ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் உள்ள இரண்டு வானப் பகுதிகளை ஒரே நேரத்தில் பார்த்தால் உண்மையான கோணம் கிடைக்கும்.

2013 டிசம்பரில் ஏவப்பட்ட காயா 2025 ஜனவரி வரை வானத்தை அளந்தது. பிரகாசமான நட்சத்திரங்களுக்கு அதன் பிழை சுமார் 0.02 மில்லி விகலை (ஒரு விகலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லி விகலை). சந்திரனில் கிடக்கும் நான்கு சென்டிமீட்டர் பொருள் பூமியிலிருந்து காட்டும் கோணம் அது. இந்த அட்டவணை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. நீங்களே தூரம் கணக்கிடலாம், ஆனால் இடமாறு எண்ணை மட்டும் எடுக்காதீர்கள், பக்கத்தில் உள்ள பிழை எண்ணையும் சேர்த்தே எடுங்கள். 5.00 மில்லி விகலை, பிழை 0.02 என்று இருந்தால் 1,000-ஐ 5-ஆல் வகுத்து 200 பார்செக், அதாவது 652 ஒளியாண்டு என்று தைரியமாகச் சொல்லலாம். பிழை அரை சதவீதம்கூட இல்லை. 0.10, பிழை 0.05 என்று இருந்தால்? வகுத்தால் 10,000 பார்செக் வரும். ஆனால் கோணம் 0.15 ஆக இருந்தால் 6,667, 0.05 ஆக இருந்தால் 20,000. ஒரு பக்கம் மூவாயிரம், மறுபக்கம் பத்தாயிரம் என்று பிழையே கோணலாக விரிகிறது. பிழை, மதிப்பில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டால் வெறுமனே தலைகீழாக்கிப் போடும் கணக்கை நான் நம்ப மாட்டேன். அட்டவணையில் எதிர்மறை இடமாறுகள்கூட இருக்கும். அவை தவறல்ல, மிகச் சிறிய கோணத்தின் மேல் அளவீட்டுச் சிதறல் ஏறி உட்கார்ந்ததால் வந்தவை.

இன்னொரு திருத்தமும் வேண்டும். பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள குவாசார்கள் என்ற மிகப் பிரகாசமான ஒளிமூலங்களுக்கு இடமாறு பூஜ்ஜியமாகத்தான் இருக்க வேண்டும். காயா அவற்றுக்கு நடுமதிப்பாக மைனஸ் 0.017 மில்லி விகலை காட்டியது. கருவியிலேயே உள்ள இந்தச் சாய்வு 5 மில்லி விகலையில் ஒன்றுமில்லை, 0.1-இல் பதினேழு சதவீதம்.

காயாவுக்கு முந்தைய ஹிப்பார்க்கோஸ் விண்கலம் கார்த்திகைக் கூட்டத்தில் பட்ட பாடு இதே வகை. அது தந்த தூரம் சுமார் 390 ஒளியாண்டு. மற்ற முறைகள் 440-ஐ ஒட்டிச் சொல்லின. கோணத்தில் பார்த்தால் 8.3-க்கும் 7.4-க்கும் உள்ள வித்தியாசம், ஒரு மில்லி விகலைக்கும் குறைவு. நட்சத்திரங்கள் எப்படி எரிகின்றன என்ற கோட்பாட்டையே மாற்ற வேண்டுமோ என்ற அளவுக்கு விவாதம் போனது. 2014-இல் ரேடியோ தொலைநோக்கிகளின் வலையமைப்பு 444 என்றது, பிறகு காயாவும் அதையே உறுதிசெய்தது.

இப்போது திருவாதிரை. அதன் இடமாறு 6 மில்லி விகலைக்கு அருகில். அதன் வட்டின் அகலமோ 40 மில்லி விகலைக்கும் மேல். அளக்க வேண்டிய நகர்வைவிட நட்சத்திரமே பல மடங்கு பெரிதாகத் தெரிகிறது. அதன் மேற்பரப்பில் பிரம்மாண்டமான வெப்பக் கொப்புளங்கள் எழுந்து அடங்குவதால் ஒளியின் மையம் இடம் மாறிக்கொண்டே இருக்கும், அந்த ஆட்டம் இடமாறோடு கலந்துவிடும். காயாவின் உணரிகளுக்கு அது தாங்க முடியாத பிரகாசம் வேறு. ஹிப்பார்க்கோஸின் முதல் கணக்கு 430. ரேடியோ அளவீட்டையும் சேர்த்த 2008 ஆய்வு சுமார் 640. நட்சத்திரத்தின் ஒளித் துடிப்பை மாதிரிக் கணக்கோடு பொருத்திய 2020 ஆய்வு சுமார் 550. 2008-இன் எண்ணுக்கே கூட்டல் கழித்தல் 150 ஒளியாண்டு பிழை வரம்பு உண்டு. பிழை வரம்பை வெட்டிவிட்டு நடு எண்ணை மட்டும் எல்லோரும் எடுத்துப் போடுவதால்தான் முரண்பாடு போலத் தெரிகிறது.

வேறு விண்மீன் மண்டலங்களுக்கு (கேலக்ஸிகளுக்கு) இந்தக் கோணம் உதவாது. அங்கே உதவுபவை செஃபீட் என்ற, ஒளி சீராகக் கூடிக் குறைந்து துடிக்கும் நட்சத்திரங்கள். 1912-இல் ஹென்ரியட்டா லெவிட், நமக்கு அருகில் உள்ள சிறிய மெகல்லானிக் மேகம் என்ற குட்டி மண்டலத்தில் 25 செஃபீட்களை ஆராய்ந்து, துடிப்புக்காலம் நீளமாக நீளமாக ஒளியும் கூடுகிறது என்று காட்டினார். எல்லாம் ஒரே மேகத்தில், கிட்டத்தட்ட ஒரே தூரத்தில் இருந்ததால் ஒப்பீடு நேர்மையாக அமைந்தது. துடிப்புக்காலத்தை அளந்தால் உண்மை ஒளி தெரியும். கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு ஒப்பிட்டால் தூரம். ஒளி நூறில் ஒரு பங்காகக் குறைந்து தெரிந்தால் பத்து மடங்கு தூரம்.

இதை வைத்து 1923-இல் எட்வின் ஹப்பிள் ஆண்ட்ரோமீடாவில் ஒரு செஃபீடைக் கண்டு, அது நம் மண்டலத்துக்கு வெளியே சுமார் 9 லட்சம் ஒளியாண்டில் உள்ளது என்றார். முடிவு சரி, எண் தவறு. உண்மைத் தூரம் 25 லட்சம். முக்கியக் காரணம், செஃபீட்களில் இரண்டு வகை உண்டு என்பது அன்று தெரியாது. ஒரே துடிப்புக்காலத்தில் ஒரு வகை மற்றதைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு மங்கல். ஒளியில் நான்கு மடங்கு பிழை தூரத்தில் இரண்டு மடங்கு. 1952-இல் வால்டர் பாடே இதை அறிவித்தபோது எல்லா மண்டலங்களின் தூரமும் ஒரேயடியாக இரட்டிப்பானது. அதுவரை பிரபஞ்சத்தின் வயது சுமார் 200 கோடி ஆண்டு என்று வந்து, பூமியின் பாறைகளைவிட இளையதாக நின்ற அபத்தமும் அங்கிருந்துதான் விலகத் தொடங்கியது. வழியில் உள்ள தூசு தனிக் கவலை. ஒளியை மங்கலாக்கி, தூரத்தைக் கூட்டிக் காட்டும். அகச்சிவப்பில் அளந்தால் அந்தப் பாதிப்பு வெகுவாகக் குறையும்.

செஃபீட்களும் தெரியாத தூரத்துக்கு 1ஏ வகை சூப்பர்நோவா, அதாவது ஒரு வெண்குள்ளன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய நட்சத்திரம்) மொத்தமாக வெடிப்பது. மெதுவாக மங்கும் வெடிப்பு கூடுதல் பிரகாசமானது என்ற 1993-இன் விதியால் அதைத் திருத்தி அளவுகோலாக்குகிறார்கள். ஆனால் செஃபீடும் இந்த வெடிப்பும் ஒருங்கே அளக்கப்பட்ட மண்டலங்கள் நாற்பதுக்குள்தான். இடமாறின் மேல் செஃபீட், அதன் மேல் சூப்பர்நோவா என்று படிப்படியாகக் கட்டிய முழு ஏணியும் அந்தக் குறுகிய கழுத்தின் வழியாகத்தான் ஏறுகிறது.

இன்றைய உண்மையான மர்மம் ஏணியின் உச்சியில். இந்த வழியில் பிரபஞ்சம் விரியும் வேகம் ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளியாண்டுக்கும் விநாடிக்கு 73 கி.மீ. என்று வருகிறது. பிரபஞ்சத்தின் 3,80,000-ஆம் ஆண்டில் கிளம்பிய நுண்ணலை ஒளியை பிளாங்க் விண்கலம் அளந்ததை வைத்துக் கணித்தால் 67.4. இரண்டும் ஒத்துப்போகவில்லை. நெருக்கமான நட்சத்திரக் கும்பலில் செஃபீடோடு அண்டை நட்சத்திரத்தின் ஒளி கலந்து ஏமாற்றுகிறதோ என்பது முதல் சந்தேகம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் கூர்மையான படங்கள் ஹப்பிள் தொலைநோக்கியின் செஃபீட் அளவுகள் சரி என்றே காட்டின. ஆனால் அதே ஜேம்ஸ் வெப்பைக் கொண்டு சிவப்பு ராட்சத நட்சத்திரங்களை அளந்த வேறொரு குழுவுக்கு 70-ஐ ஒட்டி வருகிறது. ஏணியே இல்லாத வழியும் ஒன்று உண்டு. 2017 ஆகஸ்ட் 17-இல் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிய ஈர்ப்பலையின் வலிமையிலிருந்தே தூரம் நேரடியாகக் கிடைத்தது. வந்த விடை 70, வரம்பு 62 முதல் 82 வரை. இரண்டு தரப்பும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. இதுபோன்ற மோதல்கள், கூடவே ஒளியும் தெரிபவை, இன்னும் பல பதிவானால்தான் அந்த வரம்பு சுருங்கும்.