10 மாதப் பையனுக்கு ஒரு பக்க விதை விதைப்பைக்குள் இறங்கவில்லை. அறுவை சிகிச்சைக்கு 5 வயது வரை காத்திருக்கலாமா?

காத்திருக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் யாராவது "தானா இறங்கிடும்" என்று சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டில் சொன்னது அம்மா.

நாங்கள் மன்னார்குடிப் பக்கம். பையன் பிறந்தபோதே நர்ஸம்மா, "வலது பக்கம் பை காலியா இருக்கு, ஆறு மாசத்துல காட்டுங்க" என்றார். காட்டினோம். அந்த டாக்டர் 5 வயதில் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார். அது பழைய கணக்கு என்று எனக்கு எப்படித் தெரியும்? அம்மா மாரியம்மனுக்குக் காசு முடிந்து வைத்தார். நான் குளிப்பாட்டும்போதெல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தேன்.

மூன்றரை வயதில் வேறு எதற்கோ தஞ்சாவூர் போனபோது குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் பார்த்தார். "இவ்வளவு நாள் என்னய்யா பண்ணீங்க?" 6 மாதத்துக்குள் இறங்காத விதை அப்புறம் இறங்குவது அபூர்வமாம். ஒன்றரை வயதுக்குள் முடித்துவிட வேண்டுமாம். உடம்புச் சூட்டிலேயே கிடந்தால் விந்தணுவுக்கான செல்கள் குறைந்துகொண்டே போகும், பிற்காலத்தில் புற்றுநோய் வாய்ப்பும் கூடும் என்றார். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

ஆபரேஷன் பெரிய விஷயமே இல்லை. அடிவயிற்று மடிப்பில் சின்னக் கீறல், விதையை இறக்கிப் பைக்குள் தைத்தார்கள், மறுநாள் வீடு.

டாக்டரை மீறிப் பேசுகிறான் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சில பிள்ளைகளுக்கு விதை குளிரில் மேலே ஏறும், வெந்நீரில் குளித்தால் இறங்கும். அதற்குக் கத்தி வேண்டாம், வருஷத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும். எந்த வகை என்பதை நிபுணர் கையால் தொட்டுத்தான் சொல்லுவார், அதற்கு முன்னால் ஸ்கேனுக்குச் செலவழிக்காதீர்கள். குறைமாதக் குழந்தை என்றால் பிறக்க வேண்டிய தேதியிலிருந்து மாதத்தை எண்ணுங்கள்.

உங்களுக்கு இன்னும் 8 மாதம் கையில் இருக்கிறது. என் தம்பி மகனுக்கும் இதே குறைதான், 11 மாதத்தில் முடித்துவிட்டோம். இந்த முறை தேதி கேட்டு நச்சரித்ததே அம்மாதான்.