பாஸ்வேர்ட குடுக்காதீங்க, ஆள சேருங்க: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவ வந்த கடிதம், மெயில் எல்லாத்தையும் பிரிச்சு பாத்தா நிறைய ஒரே ஜாடையில இருக்கு. கடை நம்மளோடது, ஆனா பேஜோ மேப்போ வேற யாரோ கையில. அதனால இந்த வாரம் முழுக்க இதே பஞ்சாயத்து தான்.

கேள்வி: சார், சென்னிமலை பெட்ஷீட், போர்வை எல்லாம் ஆன்லைன்ல விக்கிறோம். ஆரம்பத்துல எங்ககிட்ட வேல பாத்த தம்பி தான் ஃபேஸ்புக் பேஜ், இன்ஸ்டா ரெண்டும் ஓபன் பண்ணி குடுத்தாரு. இப்ப பெங்களூர்ல வேல கிடைச்சு போயிட்டாரு. நல்ல பையன், ஃபோன் பண்ணா எடுக்குறாரு, ஆனா ஒவ்வொரு தடவையும் ஓடிபி கேட்டு தொந்தரவு பண்ண ஒரு மாதிரியா இருக்கு. புதுசா ரெண்டு பொண்ணுங்கள சேத்திருக்கோம், அவங்களுக்கும் இதே பாஸ்வேர்ட குடுத்தரலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: அவரு ஃபோன எடுக்குறப்பவே இந்த வேலைய முடிச்சிருங்க மேடம், அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளி போடாதீங்க. பாஸ்வேர்ட யாருக்கும் குடுக்க வேணாம், அந்த பொண்ணுங்களுக்கும் தான்.

முதல்ல உங்க சொந்த ஃபேஸ்புக் ஐடி ஒன்னு வேணும், உங்க பேர்ல. "ஆபீஸ் ஐடி"ன்னு ஒன்ன உருவாக்கி அத நாலு பேர் யூஸ் பண்றதெல்லாம் வேண்டாம், ஒரு ஐடிக்கு ஒரு ஆள்ங்கிறது ஃபேஸ்புக்கோட ரூல், காலையில ஈரோட்டுலயும் மதியானம் பெங்களூர்லயும் லாகின் ஆச்சுன்னா சந்தேகப்பட்டு பூட்டிருவான், அப்புறம் அடையாள அட்டைய அனுப்புன்னு நிப்பான், இல்லாத ஆளுக்கு எங்க போய் அட்டை வாங்குறது.

அடுத்து கம்ப்யூட்டர்ல பிசினஸ் டாட் ஃபேஸ்புக் டாட் காம் போங்க. அங்க உங்க கடை பேர்ல ஒரு பிசினஸ் போர்ட்ஃபோலியோ ஆரம்பிங்க, அதாவது பேஜ், இன்ஸ்டா, விளம்பர கணக்கு எல்லாத்தையும் கடை பேர்ல ஒரே இடத்துல வச்சுக்குற பெட்டி மாதிரி, காசு கிடையாது. 2014ல வந்தப்ப இதுக்கு பிசினஸ் மேனேஜர்னு பேரு, யூடியூப்ல பழைய வீடியோ பாத்தீங்கன்னா இன்னும் அந்த பேர தான் சொல்லுவாங்க, குழம்பாதீங்க. இப்ப அந்த தம்பிக்கு ஒரு ஃபோன் போட்டு, பேஜ் செட்டிங்ஸ்ல 'பேஜ் ஆக்சஸ்' போய் உங்கள ஃபுல் கண்ட்ரோலோட சேக்க சொல்லுங்க. உங்களுக்கு அழைப்பு வரும், அக்செப்ட் குடுங்க. அப்புறம் போர்ட்ஃபோலியோ செட்டிங்ஸ்ல 'பேஜஸ்' போய் 'ஆட்' தட்டுனா, இது உன் சொந்த பேஜா, இல்ல வேற ஒருத்தர் பேஜுக்கு அனுமதி கேக்குறியான்னு பிரிச்சு கேப்பான். இங்க தான் நிறைய பேர் வழுக்குறாங்க. ரெண்டாவத தட்டிட்டா வேலையெல்லாம் நடக்கும், எல்லாம் சரியா இருக்குற மாதிரியே தெரியும், ஆனா பேஜுக்கு சொந்தக்காரங்க நீங்க இல்ல. முதல் ஆப்ஷன தான் எடுக்கணும். அந்த தம்பி ஏற்கனவே பேஜ அவரோட போர்ட்ஃபோலியோல சேத்து வச்சிருந்தா சேராது, அவரு அங்கருந்து எடுத்துவிட்டா தான் இங்க வரும், அதனால ஃபோன்ல பேசுறப்பவே அதையும் ஒரு வார்த்த கேட்டுருங்க.

இன்ஸ்டாவையும் ஒரு தடவ லாகின் பண்ணி இதுல இணைச்சிருங்க. இணைச்ச உடனே முடிஞ்சுதுன்னு விட்டுராதீங்க, அந்த இன்ஸ்டாவுக்குள்ள இருக்குற மெயில் ஐடியும் ஃபோன் நம்பரும் இன்னும் அவரோடது தான், ஓடிபி அவருக்கு போறதே அதனால தான். ரெண்டையும் உங்களோடதா மாத்தி, பாஸ்வேர்டையும் மாத்தி, பழைய லாகின் எல்லாத்தையும் வெளிய தள்ளிருங்க.

இப்ப அந்த ரெண்டு பொண்ணுங்க. செட்டிங்ஸ்ல 'பீப்பிள்' போய் அவங்க மெயில் ஐடிய போட்டு அழைப்பு அனுப்புங்க, 'பார்ஷியல் ஆக்சஸ்' போதும். அப்புறம் எந்த பேஜ், எந்த இன்ஸ்டா, அதுல என்னென்ன பண்ணலாம்னு ஒவ்வொன்னா கேக்கும். ஆர்டர் மெசேஜுக்கு பதில் சொல்ற பொண்ணுக்கு மெசேஜும் கமெண்ட்டும் மட்டும் ஆன் பண்ணுங்க, ஃபோட்டோ போடுற பொண்ணுக்கு கன்டென்ட். விளம்பரம் யாருக்கும் வேண்டாம், அதுல தான் காசு ஓடுது. அவங்க அவங்க ஐடியிலயே உள்ள வருவாங்க, கஸ்டமருக்கு தெரியறது உங்க கடை பேரு மட்டும் தான். நாளைக்கு கல்யாணம் ஆகி வேலைய விட்டு போனாலும் அந்த ஒரு பேர எடுத்தா போச்சு, பாஸ்வேர்ட் மாத்தி எல்லாருக்கும் திரும்ப சொல்ற வேல இல்ல. இன்ஸ்டா மெசேஜ் மட்டும் பிசினஸ் சூட்டுல (பேஜ், இன்ஸ்டா மெசேஜ் எல்லாத்தையும் ஒன்னா பாக்குற இடம்) வரலன்னா, இன்ஸ்டா செட்டிங்ஸ்ல மெசேஜ் கண்ட்ரோல் பக்கம் 'கனெக்டட் டூல்ஸ்'னு ஒன்னு இருக்கும், அது ஆஃப்ல கிடக்கும், ஆன் பண்ணுங்க.

கடைசியா, ஃபுல் கண்ட்ரோல் உங்க ஒருத்தர்கிட்ட மட்டும் இருக்கக்கூடாது. வீட்டுக்காரரோ பொண்ணோ பையனோ, நம்பிக்கையான இன்னொரு ஆளையும் அதே லெவல்ல சேருங்க. உங்க ஐடி ஒரு நாள் லாக் ஆச்சுன்னா கடையே சேந்து லாக் ஆகும். டூ ஃபேக்டர, அதாவது பாஸ்வேர்டுக்கு மேல இன்னொரு கோடும் கேக்குறத, எல்லாருக்கும் கட்டாயமாக்க அங்கயே 'செக்யூரிட்டி சென்டர்'ல வழி இருக்கு. இதெல்லாம் முடிச்சிட்டு, பேஜ்லயும் போர்ட்ஃபோலியோலயும் தம்பி பேர எடுத்துட்டு, ஒரு நல்ல போர்வையா பாத்து பெங்களூருக்கு கூரியர் பண்ணிவிடுங்க, இவ்வளவு நாள் ஓடிபி சொன்னாருல்ல.

கேள்வி: பேக்கரி வச்சிருக்கேன். விளம்பரம் பண்ண ஒரு ஏஜென்சிய புடிச்சிருக்கோம். ஃபேஸ்புக் பாஸ்வேர்ட குடுங்க, இல்லன்னா எங்க ஆட் அக்கவுண்ட்லயே ஓட்டிக்கிறோம்ங்கிறாங்க. எது நல்லது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ரெண்டும் இல்ல. டிரைவருக்கு வண்டி சாவிய குடுப்போம், ஆர்சி புக்க அவர் பேருக்கு மாத்தி குடுக்க மாட்டோம்ல. அவங்க ஆட் அக்கவுண்ட்ல ஓட்டுனா, எந்த விளம்பரத்துக்கு எந்த ஏரியால ஆள் வந்தாங்க, எந்த கேக் ஃபோட்டோவுக்கு கிளிக் ஜாஸ்தி, அந்த கணக்கு பூரா அவங்ககிட்ட தங்கிரும், நாளைக்கு வேற ஏஜென்சிக்கு போனா நீங்க பூஜ்யத்துலருந்து ஆரம்பிக்கணும்.

உங்க போர்ட்ஃபோலியோலயே ஒரு ஆட் அக்கவுண்ட் திறங்க, கார்டோ யூபிஐயோ உங்களோடத போடுங்க. ஏஜென்சிக்கு சொந்தமா ஒரு பிசினஸ் ஐடி நம்பர் இருக்கும், அத கேட்டு வாங்கி செட்டிங்ஸ்ல 'பார்ட்னர்ஸ்'ல போட்டு, பேஜுக்கும் ஆட் அக்கவுண்ட்டுக்கும் தேவையான அளவு அனுமதி குடுங்க. அவங்க ஆபீஸ்ல யார் வேல பாக்குறாங்கன்னு அவங்க பிரிச்சுக்குவாங்க, அது உங்க தலைவலி இல்ல. ஒப்பந்தம் முடிஞ்சா பார்ட்னர ஒரு தடவ நீக்குனா அந்த ஆபீஸ் மொத்தமும் வெளிய. ஐடி நம்பர் கேட்டதுக்கு முழிச்சாங்கன்னா ஏஜென்சிய மாத்துங்க.

இன்னொன்னு, உங்க பழைய ஆட் அக்கவுண்ட்ட அவங்க போர்ட்ஃபோலியோல "சேத்துக்கிறோம்"னு கேட்டா மட்டும் தலையாட்டாதீங்க. ஒரு ஆட் அக்கவுண்ட் ஒரு போர்ட்ஃபோலியோவுக்கு சொந்தமாயிட்டா திரும்ப வெளிய எடுக்க முடியாது.

கேள்வி: எங்க டியூஷன் சென்டர் யூடியூப் சேனலுக்கு வீடியோ எடிட் பண்ற பையன் ஜிமெயில் பாஸ்வேர்ட் கேக்குறான். குடுக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: ஜிமெயில குடுத்தா சேனல் மட்டுமா போகுது, உங்க மெயில், டிரைவ், வீட்டு ஃபோட்டோ எல்லாம் சேந்து போகுது. யூடியூப் ஸ்டூடியோல செட்டிங்ஸ், அதுல 'பெர்மிஷன்ஸ்', அவன் மெயில போட்டு 'எடிட்டர் லிமிடெட்'னு சேருங்க. வீடியோ ஏத்தலாம், தலைப்பு தம்ப்நெயில் மாத்தலாம், ஆனா வெளியான வீடியோவ அழிக்க முடியாது, வருமானமும் கண்ணுக்கு தெரியாது. வெறும் 'எடிட்டர்'னா வருமானம் தெரியும். அழைப்ப 30 நாளைக்குள்ள அவன் ஏத்துக்கணும், இல்லன்னா திரும்ப அனுப்புங்க.

கேள்வி: சார், எங்க மெஸ்ஸ கூகுள் மேப்ல யாரு போட்டாங்கன்னே தெரியல. பழைய ஃபோன் நம்பர் இருக்கு, லீவு நாள் தப்பா இருக்கு, மாத்த போனா "வேற ஒருத்தர் நிர்வகிக்கிறார்"னு வருது.
– வாசகர், திருச்சி

பதில்: கூகுள்ல உங்க மெஸ் பேர தேடி, 'ரிக்வெஸ்ட் ஆக்சஸ்' குடுங்க. இப்ப வச்சிருக்குற ஆளுக்கு மெயில் போகும், பதில் சொல்ல அவருக்கு 3 நாள் டைம். பேசாம இருந்துட்டாருன்னா உங்களுக்கே எடுத்துக்குற வழி திறக்கலாம், அப்ப வெரிஃபிகேஷன் கேப்பான். இப்பல்லாம் அதிகம் வீடியோ தான்: தெருவ காட்டி, போர்ட காட்டி, உள்ள வந்து அடுப்பு, கல்லா, இது நம்ம எடம் தான்னு தெரியற மாதிரி ஒன்ன காட்டி, நடுவுல நிறுத்தாம ஒரே டேக்ல எடுக்கணும். மதிய சாப்பாட்டு கூட்டத்துல எடுக்காதீங்க, சாப்புடுறவங்க முகமெல்லாம் விழும்.

கைக்கு வந்த அப்புறம் கல்லாவுல உக்காரற பையன 'மேனேஜர்'னு சேத்தா போதும். டைம் மாத்துவான், ரிவ்யூவுக்கு பதில் போடுவான், ஆனா ஆள் சேக்கவோ நீக்கவோ முடியாது. 'ஓனர்' நீங்க. புது ஓனருக்கு முதல் 7 நாள் மத்தவங்கள நீக்குறது மாதிரி சில வேலைக்கு அனுமதி இருக்காது, பயந்துராதீங்க.

கேள்வி: இவ்வளவுக்கும் ஒவ்வொரு இடமா போகணுமா? எல்லாத்தையும் ஒரே டேஷ்போர்டுல பாக்க முடியாதா?
– வாசகி, சேலம்

பதில்: போஸ்ட் போட, மெசேஜ் பாக்க, ஒரே இடத்துல முடியும். நம்ம சென்னை ஸோஹோவோட ஸோஹோ சோஷியல்ல ஃபேஸ்புக், இன்ஸ்டா, லிங்க்ட்இன், கூகுள் மேப் எல்லாம் இணைச்சு, யாருக்கு என்ன வேலைன்னு பிரிச்சும் விடலாம். ஆனா சொந்தக்காரர் யாருங்கிறது மெட்டாவுக்கு (ஃபேஸ்புக், இன்ஸ்டா ரெண்டும் இவங்களோடது தான்) மெட்டாவுல தான், கூகுளுக்கு கூகுள்ல தான், அத எந்த டேஷ்போர்டும் மாத்தி குடுக்காது. ஒரு கடை ரெண்டு பேஜுன்னா என்ன கேட்டா டூலுக்கு காசு கட்டுறத விட ஒரு எக்செல் ஷீட் போதும்: எந்த அக்கவுண்ட், எந்த மெயில், ஓடிபி எந்த நம்பருக்கு போகுது, யாரெல்லாம் உள்ள இருக்காங்க, டொமைன் (வெப்சைட் பேரு) எப்ப காலாவதி. பாஸ்வேர்ட அதுல எழுதாதீங்க, அதுக்கு ஸோஹோ வால்ட் மாதிரி தனி ஆப் இருக்கு.

வாட்ஸ்அப் பிசினஸ் மட்டும் இந்த கணக்குல அடங்காது. ஃபோன் போக சாதாரணமா 4 டிவைஸ் இணைக்கலாம், ஆனா இணைச்ச டிவைஸ்ல எல்லா சாட்டும் தெரியும், பாதி காட்டி பாதி மறைக்கிறதெல்லாம் கிடையாது. ஆள் வேலைய விட்டா அன்னிக்கே 'லிங்க்ட் டிவைசஸ்' போய் லாக் அவுட் பண்ணுங்க. சிம் கண்டிப்பா உங்க பேர்ல இருக்கணும்.

கேள்வி: எங்க ஜிஎஸ்டி லாகின்ல ஆடிட்டர் ஆபீஸ் மெயிலும் நம்பரும் தான் இருக்கு. ஆடிட்டர மாத்திட்டோம், பழைய ஆபீஸ்ல ஓடிபி சொல்ல மாட்டேங்கிறாங்க. என்ன பண்றது?
– வாசகர், திருப்பூர்

பதில்: சமாதானமா குடுத்தாங்கன்னா லாகின் பண்ணி, 'நான் கோர் அமெண்ட்மெண்ட்'ல (பதிவுல சின்ன சின்ன விவரம் மாத்துற இடம்) மெயில், மொபைல மாத்திரலாம், அதுக்கு அதிகாரி அப்ரூவல் எல்லாம் வேண்டாம். குடுக்கலன்னாலும் வழி இருக்கு, 2018ல இதுக்குன்னே கொண்டுவந்தாங்க. ஜிஎஸ்டி போர்டல்ல லாகின் இல்லாமலே 'சர்ச் டேக்ஸ்பேயர்'ல உங்க ஜிஎஸ்டி நம்பர போட்டா எந்த அதிகாரியோட எல்லைக்குள்ள வர்றீங்கன்னு வரும். அந்த ஆபீசுக்கு அடையாள அட்டையும் கம்பெனி பேப்பரும் எடுத்துட்டு நேர்ல போங்க. பதிவுல பேர் இருக்குற ஆள் தான் போகணும், அதாவது ஓனர், பார்ட்னர், இல்ல ஆதரைஸ்டு சிக்னட்டரி (கம்பெனி சார்பா கையெழுத்து போட அதிகாரம் உள்ளவர்). கணக்கெழுதுற பையன அனுப்பாதீங்க, திருப்பி அனுப்பிருவாங்க. அதிகாரி சரிபாத்து புது மெயில், நம்பர ஏத்துவாரு, யூசர் நேமும் தற்காலிக பாஸ்வேர்டும் அந்த புது மெயிலுக்கு வரும். அதுக்கு குடுக்குற மெயில் உங்களோடதா இருக்கட்டும், புது ஆடிட்டரோடத குடுத்துட்டு வந்துராதீங்க.