சம்பளம் 21,000 தாண்டினால் இ.எஸ்.ஐ என்னாகும்?

வாசகர் கேள்வி – பதில்

2025 நவம்பர் 21-லிருந்து புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதிலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வருகிற கடிதங்களில் மருத்துவக் காப்பீட்டுச் சந்தேகங்கள்தான் அதிகம், அதிலும் மாதச் சம்பளம் 21,000 வரை வாங்குகிறவர்களுக்கான அரசுத் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ பற்றி. முதலாளி, தொழிலாளி, அமெரிக்காவில் பிள்ளை இருக்கிற அப்பா என்று எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை. 20,400 வாங்கிக்கொண்டிருந்தேன், ஜூலையில் இன்கிரிமென்ட் போட்டு 22,000 ஆக்கினார்கள். இனி இ.எஸ்.ஐ கிடையாது, குரூப் இன்சூரன்ஸ்தான் என்கிறார் எச்.ஆர். அம்மாவுக்கு டயாலிசிஸ் இ.எஸ்.ஐ மூலமாகத்தான் நடக்கிறது. சம்பளம் கூடியதற்குச் சந்தோஷப்படுவதா, அழுவதா?
— வாசகர், மூக்கண்டப்பள்ளி

முதலில் பதற்றப்படாதீர்கள். ஜூலையில் சம்பளம் கூடினால் ஜூலையிலேயே யாரும் உங்களை இ.எஸ்.ஐ-யிலிருந்து வெளியே தள்ள முடியாது. இ.எஸ்.ஐ கணக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று என்று ஓடுகிறது. நடுவில் 21,000 தாண்டினாலும் அந்த அரையாண்டு முடியும்வரை முழுச் சம்பளத்துக்கும் பிடித்துக் கட்டியே ஆகவேண்டும், அப்படிக் கட்டியதற்கான பலன் காலம் அடுத்த ஜனவரியிலிருந்து ஜூன் வரை வரும். ஆகஸ்டிலேயே பிடித்தத்தை நிறுத்தியிருந்தால் தப்பு கம்பெனியுடையது.

அடுத்ததுதான் முக்கியம். உங்கள் பே ஸ்லிப்பை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய தொகுப்புகளில் ஒன்றான சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘சம்பளம்’ என்றால் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும்தான், வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி, ஓவர்டைம் எல்லாம் வெளியே. ஆனால் வெளியே வைக்கிற படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையைத் திரும்பவும் சம்பளத்தோடு கூட்டிவிட வேண்டும். இப்போது உங்கள் 22,000-த்தில் அடிப்படையும் பஞ்சப்படியும் 13,000, வாடகைப்படி 5,000, போக்குவரத்து 4,000 என்று வைத்துக்கொள்வோம். படிகள் 9,000, பாதியான 11,000-த்தைத் தாண்டவில்லை. அப்படியென்றால் சட்டத்தின் கண்ணில் உங்கள் சம்பளம் 13,000. நீங்கள் இ.எஸ்.ஐ-க்குள்தான் இருக்கிறீர்கள்! எச்.ஆர் பழைய கணக்கையே போட்டுக்கொண்டிருக்கலாம், எந்த வரையறைப்படி 22,000 என்றார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

மொத்தமும் அடிப்படைச் சம்பளமாகவே இருந்தால்தான் சிக்கல். இந்த 21,000 வரம்பு 2017 ஜனவரியில் வைத்தது, அதற்குமுன் 15,000. அரிசி, வாடகை எல்லாம் எங்கேயோ போய்விட்டது, வரம்பு மட்டும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. 22,000 வாங்குகிறவர் வருஷத்துக்கு 2,64,000 வருமானக்காரர், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருட வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும், ஆக அங்கேயும் இடமில்லை. கையில் கூடுதலாக வந்த ஆயிரத்துச் சொச்சம் டயாலிசிஸ் செலவுக்கு முன்னால் எம்மாத்திரம்? அதனால் குரூப் பாலிசியில் பெற்றோர் உண்டா, ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு முதல் நாளிலிருந்தே பணம் வருமா, டயாலிசிஸுக்கு உச்சவரம்பு எவ்வளவு, இந்த மூன்றையும் இ.எஸ்.ஐ கையில் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அம்மாவின் எல்லா வருமானமும் சேர்த்து மாதம் 9,000-க்குள் இருந்தால்தான் இ.எஸ்.ஐ-யில் அவர் உங்களைச் சார்ந்தவர். பென்ஷன் ஏதும் வந்தால் அதையும் பாருங்கள்.

பர்கூரில் கிரானைட் பாலிஷ் போடும் யூனிட் வைத்திருக்கிறேன். 14 பேர். 13 பேருக்குச் சம்பளம் 15,000 சுற்றி, சூப்பர்வைசருக்கு மட்டும் 24,000, அதில் படி கிடி எதுவும் இல்லை. இ.எஸ்.ஐ தொல்லை எதற்கு, எல்லாருக்கும் சேர்த்து ஒரு குரூப் மெடிகிளைம் போட்டுவிடுங்கள், அதுவே போதும் என்கிறார் ஏஜென்ட். சரிதானா?
— தொழில்முனைவோர், பர்கூர்

சரியில்லை. ஏஜென்ட் அவர் கமிஷனைப் பார்க்கிறார், நீங்கள் உங்கள் கழுத்தைப் பாருங்கள். 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்துக்கு இ.எஸ்.ஐ கட்டாயம். தனியார் பாலிசி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது இ.எஸ்.ஐ-க்குப் பதில் ஆகாது, கூடுதலாகக் கொடுக்கலாம், அவ்வளவுதான். ஆள் எண்ணிக்கை பிறகு 10-க்குக் கீழே போனாலும் ஒருமுறை உள்ளே வந்த யூனிட் உள்ளேதான்.

செலவு எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். 2019 ஜூலையிலிருந்து முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். அதற்குமுன் 4.75-ம் 1.75-மாக இருந்தது. 15,000 சம்பளத்துக்கு உங்கள் கையிலிருந்து 487 ரூபாய் 50 காசு, அவரிடம் பிடிப்பது 112 ரூபாய் 50 காசு. அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். உங்கள் பங்கையும் சேர்த்து அவர் சம்பளத்திலேயே பிடிக்கிற வேலை மட்டும் வேண்டாம், அது சட்டவிரோதம்.

இதற்கு என்ன கிடைக்கிறது? உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்லாப்பைத் திருப்பும்போது கொக்கி நழுவி ஒருவர் காலில் விழுகிறது. மெடிகிளைம் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும், டிஸ்சார்ஜ் ஆனதும் அதன் வேலை முடிந்தது. ஆனால் அந்த ஆள் மூன்று மாதம் கட்டுப்போட்டு வீட்டில் கிடப்பாரே, அந்த மூன்று மாதச் சோறு? இ.எஸ்.ஐ-யில் வேலை செய்ய முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரும், நிரந்தர ஊனமானால் மாதாமாதம் பணம் வரும், உயிரே போனால் குடும்பத்துக்கு வரும். சாதாரணக் காய்ச்சல், மஞ்சள் காமாலை என்று விடுப்பு எடுத்தாலும் தகுதி இருந்தால் 70 சதவீதம், 91 நாள் வரை. பெண் தொழிலாளிக்குப் பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். இ.எஸ்.ஐ போடாமல் விட்டால் விபத்து இழப்பீடு முழுக்க உங்கள் தலையில் வந்து விழும், அன்றைக்கு ஏஜென்ட் போனை எடுக்கமாட்டார்.

சூப்பர்வைசர் இ.எஸ்.ஐ-க்குள் வரமாட்டார். அவருக்கு ஒரு குடும்ப பாலிசி எடுத்துக் கொடுங்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி இல்லை, குரூப் பாலிசிக்கு மட்டும் 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. வேலையை விட்டுப் போனாலும் அந்த பாலிசி அவரோடேயே போகும்.

என் மகன் அமெரிக்காவில், டெக்சாஸில். பெரிய கம்பெனியை விட்டு 30 பேர் இருக்கும் சின்ன கம்பெனிக்கு மாறிவிட்டான். அங்கே இன்சூரன்ஸ் இல்லையாம். ஒபாமா கேர் வந்தபிறகு எல்லாக் கம்பெனியும் கொடுத்தே ஆகவேண்டும் என்றார்களே? நானும் வீட்டம்மாவும் மே மாதம் போகிறோம், எங்களை அவன் பாலிசியில் சேர்க்க முடியுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தருமபுரி

ஐயா, அங்கேயும் நம்ம ஊர் மாதிரி தலையை எண்ணும் கணக்குதான், எண் மட்டும் வேறு. 2010-ல் வந்த அந்தச் சட்டப்படி முழுநேர ஊழியர்கள் 50 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனம்தான் காப்பீடு தர வேண்டும், தராவிட்டால் அபராதம். வாரத்துக்கு 30 மணி நேரம் வேலை பார்த்தால் முழுநேரம். பகுதிநேரக்காரர்களின் மணிகளையும் கூட்டி முழுநேர ஆளாக மாற்றித்தான் எண்ணுவார்கள். 30 பேர் கம்பெனிக்குக் கட்டாயமில்லை. ஆனால் பாலிசி தராத சின்ன கம்பெனிகூட, ஊழியர் தானே வாங்குகிற பாலிசிக்கு வரியில்லாமல் பணம் திருப்பித் தரும் ஏற்பாடு அங்கே உண்டு, அதைக் கேட்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகன் உடனே செய்ய வேண்டியது, பழைய காப்பீடு நின்ற நாளிலிருந்து 60 நாளுக்குள் அரசின் காப்பீட்டுச் சந்தையில் தனக்கொரு பாலிசி எடுப்பது. எச்1பி என்கிற வேலை விசாவில் இருப்பவரும் எடுக்கலாம். 60 நாளைத் தவறவிட்டால் நவம்பர் 1-ல் தொடங்குகிற வழக்கமான சேர்க்கைக் காலம்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதுவரை பழைய கம்பெனி பாலிசியையே 18 மாதம் வரை நீட்டிக்கவும் வழி உண்டு, ‘கோப்ரா’ என்பார்கள், ஆனால் கம்பெனி கட்டிக்கொண்டிருந்த பங்கையும் சேர்த்து இவரே கட்ட வேண்டும். பிரீமியத்தைப் பார்த்தால் பெயர்ப்பொருத்தம் புரியும்.

உங்கள் இருவரையும் அதில் சேர்க்க முடியாது. பிள்ளைகளை 26 வயது வரை சேர்க்கலாம், பெற்றோருக்கு அந்தச் சலுகை இல்லை. பயணக் காப்பீடு தனியாக எடுத்துக்கொண்டு போங்கள், சர்க்கரை, பிரஷர் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

துணிக்கடையில் வேலை. நாங்கள் 15 பேர், ரிஜிஸ்டரில் 9 பேர் பெயர்தான் இருக்கிறது. கேட்டால் “ஒன்பதுக்கு இ.எஸ்.ஐ இல்லம்மா” என்கிறார் ஓனர்.
— பெயர் வேண்டாம், அரூர்

ரிஜிஸ்டர் சொல்வது கணக்கில்லை, கடையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதுதான் கணக்கு. தற்காலிகமாக வந்தவர், காண்ட்ராக்டில் வந்தவர் எல்லாரும் சேர்த்திதான். இ.எஸ்.ஐ கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம், பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்றும் அதில் குறிப்பிடுங்கள். வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமானது, அதனால் தனியாகப் போகாமல் நான்கைந்து பேர் கையெழுத்தோடு போங்கள். போவதற்கு முன்னால் சம்பளம் ஜிபேயில் வந்திருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட், தீபாவளிக்குக் கடை வாசலில் எல்லாரும் யூனிஃபார்மோடு எடுத்த போட்டோ, கிடைத்தால் டூட்டி சார்ட், இதையெல்லாம் போனில் மட்டும் வைக்காமல் பிரிண்ட் போட்டு வீட்டில் வைத்துவிடுங்கள்.