வேட்டை நாயான சிப்பிப்பாறையைக் குடும்ப நாயாக வளர்க்க முடியுமா?

தாராளமாக வளர்க்கலாம். மதுரையில் சுற்றுச்சுவரோடு தனி வீடு, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், பகலில் வீட்டில் உங்கள் அம்மா மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். வேட்டை நாய் பிள்ளைகளைக் கடித்துவிடுமோ என்பது உங்கள் முதல் கவலை. ஓட இடம் இல்லாமல் ஏங்கிப்போகுமோ என்பது இரண்டாவது. முதல் கவலை பெரும்பாலும் வீண். இரண்டாவது நியாயமானது, ஆனால் எல்லோரும் நினைக்கிற காரணத்துக்காக அல்ல.

என் அம்மா பிறந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். அந்தக் கரிசல் காட்டில் சிப்பிப்பாறையும் கன்னி நாயும் சர்வசாதாரணம். இப்போது திருநெல்வேலியில் எங்கள் வீட்டிலும் ஒரு செவலைப் பொட்டை இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

வேட்டை நாய் என்றாலே எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். லாப்ரடார்கூட வேட்டை நாய்தான். சுட்டு விழுந்த பறவையைக் கவ்விக்கொண்டு வந்து எஜமானிடம் கொடுப்பது அதன் வேலை. அதனால்தான் எந்நேரமும் அதன் வாயில் யாருடைய செருப்பாவது இருக்கிறது. பீகிள் மோப்பம் பிடித்து முயல் போன தடத்திலேயே போகிற நாய். தெருவில் கூட்டிப்போனால் தலையைத் தூக்காது. டாஷ்ஹண்ட் வளைக்குள் புகுந்து விரட்டுவதற்காக உருவானது, ஆகவே சோபாவைத் தோண்டும். சிப்பிப்பாறைக்குக் கண்தான் எல்லாம். தூரத்தில் ஏதாவது அசைந்தால் பார்க்கும், பாயும், பிடிக்கும். வேட்டையில் அந்த நாயின் பங்கு எதுவோ, அதை மட்டும் எந்த உயிருக்கும் சேதம் இல்லாமல் தினமும் கொடுத்துவிட்டால் போதும், நாய் சந்தோஷமாக இருக்கும். மற்றதெல்லாம் எந்த நாய்க்கும் செய்கிற பராமரிப்புதான்.

இது புரியாமல்தான் பலர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நடக்கிறார்கள். நடை தேவைதான், ஆனால் அதில் சிப்பிப்பாறைக்கு ஆசை அடங்காது. அதற்கு வேண்டியது கொஞ்ச நேரம் முழு வேகத்தில் ஒரு விரட்டு. அது கிடைத்துவிட்டால் மீதி நாள் தூக்கம்தான். எங்கள் மாமா சொல்வார்: "காட்டுல ஓடுத வரைக்கும்தான் அது காத்து. வீட்டுக்கு வந்தா கட்டிலுக்கு அடியிலதான் கெடக்கும்." உண்மை. என்ன, எங்கள் வீட்டு நாய்க்குக் கட்டிலுக்கு அடி பிடிப்பதில்லை, மேலேதான் படுக்கும்.

விரட்டுக்கு முயல் வேண்டாம். ஐந்தடி நீளத்தில் லேசான பிவிசி குழாய் ஒன்று எடுங்கள். அதன் முனையில் அதே அளவு நைலான் கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு பழைய துண்டு. நடுவில் நின்றுகொண்டு துண்டைத் தரையோடு இழுத்து ஓட்டினால் நாய் உங்களைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். துண்டை அந்தரத்தில் தூக்கிக் குதிக்க வைக்காதீர்கள், வெடுக்கென்று திருப்பவும் வேண்டாம், மூட்டுக்கு ஆகாது. சிமெண்ட் தரையில் சறுக்கும். மண்ணோ புல்லோ நல்லது. எங்கள் நாய் முதலில் பாயாது. முன்னங்காலை மடக்கி, வாலைத் தாழ்த்தி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு துண்டையே பார்க்கும். துண்டு ஒரு விரற்கடை நகர்ந்ததும் மண் தெறிக்கும். அந்தப் பார்வையும் அதன் வேலையில் சேர்த்தி, அவசரப்படுத்தாதீர்கள். கடைசியில் கட்டாயம் பிடிக்க விடுங்கள். பிடிக்கவே கிடைக்காத விரட்டு எரிச்சலைத்தான் வளர்க்கும். பிடித்ததும் "விடு" என்று சொல்லி ஒரு துண்டுக் கறி கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் போதும். ஒரு வயது ஆகாத குட்டி என்றால் அதிலும் பாதி, வேகமும் குறைவாக. எலும்பு முற்றும் முன் பைக் பின்னால் ஓட வைக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

வாரத்தில் ஒரு நாளாவது அவிழ்த்து விட்டு ஓட இடம் பாருங்கள். வேலி போட்ட தோப்பு யாரிடமாவது இருக்கும். இல்லையென்றால் வலை கட்டிய கிரிக்கெட் டர்ஃப் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறது. அதிகாலையில் ஆள் இல்லாதபோது உரிமையாளரிடம் கேட்டுப் பாருங்கள். கழிவை நாமே அள்ளுவோம் என்று சொன்னால் சிலர் சம்மதிப்பார்கள்.

திறந்த வெளியில் மட்டும் அவிழ்க்கவே கூடாது. கூப்பிட்டால் வருகிற நாய்தான் என்று பெருமைப்படுவீர்கள். கண் ஒரு பூனை மேல் குத்திவிட்டால் உங்கள் குரல் அதன் காதில் விழாது, எதிரே வருகிற லாரியும் தெரியாது. மதுரைக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவே நான்கு வழிச்சாலை எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இன்னொன்று, தென் மாவட்டங்களில் இப்போது எங்கே பார்த்தாலும் மயில். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மயில், முயல், உடும்பு எதை வேட்டையாடினாலும் குற்றம். "சும்மா ஒரு ரவுண்டு காட்டுக்குப் போய் வருவோம்" என்று சொந்தக்காரர் யாராவது நாயைக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கழுத்துப் பட்டை விஷயத்தில் கவனம் தேவை. இந்த நாய்க்குத் தலை குறுகல். கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே சுற்றளவு. சாதாரண பெல்ட் போட்டால் மிரண்டு பின்வாங்கும்போது காது வழியாக உருவிக்கொண்டு வந்துவிடும். அகலமான, இழுத்தால் கொஞ்சம் இறுகிப் பிறகு தளர்கிற மாதிரிப் பட்டை வாங்குங்கள். கடைக்காரரிடம் மார்டிங்கேல் என்று கேட்டால் தெரியும். வெளியே இறங்கும் முன் பட்டையைக் காதுப் பக்கம் இழுத்துப் பார்ப்பதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுச்சுவரையும் பாருங்கள். வளர்ந்த சிப்பிப்பாறைக்கு ஐந்தடிச் சுவர் பெரிய தடை இல்லை. மேலே வலை அடித்துவிட்டால் நிம்மதி.

இனி பிள்ளைகள். சிப்பிப்பாறை வீட்டு ஆட்களிடம் ஒட்டும், வெளி ஆட்களிடம் ஒதுங்கும். அறிமுகம் இல்லாதவர்கள் கொஞ்சுவது பெரும்பாலும் அதற்குப் பிடிக்காது. முயலைப் பிடிப்பது வேறு, மனிதனைக் கடிப்பது வேறு. முதலாவது வலுவாக இருப்பதால் இரண்டாவதும் வரும் என்று இல்லை. ஆனாலும் பிள்ளைகளுக்குச் சில பாடங்கள் உண்டு. குட்டி முன்னால் கத்திக்கொண்டு ஓடக்கூடாது. ஓடினால் விரட்டும், எட்டினால் குதிகாலைக் கவ்வும். அது கோபம் இல்லை, ஆனால் பல் பல்தான். தூங்கும்போது தொடக்கூடாது, பெயர் சொல்லி எழுப்ப வேண்டும். அதன் படுக்கைக்கு அது போய்விட்டால் பின்னால் போகக்கூடாது. சின்னப் பிள்ளைகளையும் நாயையும் தனியே விட்டுவிட்டுப் பெரியவர்கள் உள்ளே போகக்கூடாது. இந்தக் கடைசிப் பாடம் உங்களுக்கு.

கெடுவது எங்கே என்றால், கட்டிப் போடுவதில்தான். பகல் முழுக்க வாசலில் சங்கிலி, ராத்திரி காவலுக்கு அவிழ்ப்பு என்று சிலர் வளர்ப்பார்கள். போகிற வருகிற எல்லாம் கண்ணில் படும், ஒன்றையும் விரட்ட முடியாது. கண்ணால் வேலை செய்கிற நாய்க்கு இதைவிடத் தண்டனை கிடையாது. அப்புறம் தபால்காரரைக் கண்டால் பாய்கிறது என்று குறை சொல்வார்கள். வீட்டுக்குள் விடுங்கள். முடி குட்டை, நாற்றம் குறைவு, காரணம் இல்லாமல் குரைப்பதும் இல்லை. உடம்பில் கொழுப்பு இல்லாததால் வெறும் தரையில் படுத்துப் படுத்து முழங்கை தடித்துப்போகும். ஒரு மெத்தை போடுங்கள்.

சாப்பாட்டில் ஊர்க்காரர்கள் கம்மங்கூழும் மோர்ச்சோறும் ஊற்றியே வளர்த்தார்கள் என்பார்கள். அந்த நாய்கள் காட்டில் கறியும் தின்றன என்பதை மறந்துவிடுகிறோம். வீட்டு நாய்க்கு முட்டை, எலும்பில்லாக் கோழி, மீன் என்று புரதம் நாம்தான் சேர்க்க வேண்டும். வெங்காயம், சாக்லேட், திராட்சை கூடாது. கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு லேசாகத் தெரிந்தால் அதுதான் சரியான உடம்பு. பக்கத்து வீட்டு அக்கா "நாய்க்குச் சோறே போடுறதில்லையா?" என்று கேட்பார், சிரித்துவிட்டு விடுங்கள். நெஞ்சுக்கூடு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பித் திருகிக்கொள்கிற ஆபத்து உண்டு. அதனால் ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுங்கள், சாப்பிட்ட கையோடு ஓட விடாதீர்கள். வயிறு வீங்கி, வாந்தி வராமலே ஓங்கரித்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருடாவருடம். யார் வீட்டு நாய் கடித்தாலும் கீறினாலும் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். உண்ணி காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் ஒளியும், தினமும் தடவிப் பாருங்கள். கருத்தடை அறுவைக்குக் கொண்டுபோனால் இது கிரேஹவுண்டு மாதிரி மெலிந்த ஓட்ட நாய் என்று டாக்டரிடம் நினைவூட்டுங்கள்; தயோபென்டோன் போன்ற சில மயக்க மருந்துகள் தெளிய இந்த வகை நாய்களுக்கு நீண்ட நேரம் பிடிக்கும்.

குட்டி வாங்கும்போது தாயைப் பார்க்காமல் வாங்காதீர்கள். 2020 ஆகஸ்டில் 'மனதின் குரல்' வானொலி உரையில் பிரதமர் சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, ராஜபாளையம் என்று நாட்டு நாய் இனங்களைப் பெயர் சொல்லிப் பேசினார். இப்போது இந்தப் பெயர்களுக்கு நல்ல கிராக்கி, கலப்புக் குட்டியும் அதே பெயரில் விலை போகிறது. (ராஜபாளையத்துக்கு 2005-லேயே தபால்தலை வந்துவிட்டது. எங்கள் சிப்பிப்பாறைக்கு அந்த யோகம் இல்லை, எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.) தாய் ஆளைக் கண்டு பதுங்காமல், சீறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். குட்டிக்கு எட்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். கடுவனா பொட்டையா என்பது உங்கள் விருப்பம். பொட்டை கொஞ்சம் சிறியது, கையில் அடங்கும்.

கடைசியாக உங்கள் அம்மா. எட்டு மாதத்துக்கு மேல் இந்த நாய் ஒரு அணிலைப் பார்த்து இழுத்தால் வயதானவர் கீழே விழுந்துவிடுவார். பகலில் அவர் துணைக்கு இருக்கட்டும், சாப்பாடு போடட்டும், சங்கிலி மட்டும் அவர் கையில் வேண்டாம். காலை ஐந்தரைக்கு எழுந்து, வெயில் ஏறும் முன் கூட்டிப்போவது யார் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டுக் குட்டி பார்க்கப் போங்கள். மார்கழியிலும் அதே ஆள்தான் எழுந்திருக்க வேண்டும்.