ஐபி67 (தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான தரக் குறியீடு) பெட்டி வாங்கியும் உள்ளே தண்ணீர் தேங்குகிறது. வெளியில் வைக்கும் கருவிக்கு நீர்புகாப் பெட்டியை எப்படி வடிவமைப்பது?

வயலிலும் மொட்டை மாடியிலும் நிற்கும் கருவிகளுக்குப் பெட்டி வடிவமைப்பதுதான் என் வேலை. நீங்கள் கேட்டிருப்பது நாங்கள் அடிக்கடி கேட்கும் புகார். காஸ்கெட் (மூடி இடுக்கை அடைக்கும் ரப்பர் வளையம்) நன்றாக இருக்கும், ஸ்க்ரூவெல்லாம் இறுக்கமாக இருக்கும், திறந்தால் அடியில் தண்ணீர் நிற்கும். உடனே மூடியைச் சுற்றி சிலிக்கான் பசை பூசிவிடுவார்கள். அடுத்த மழைக்கும் அதே கதைதான்.

முதலில் வெப்பநிலையைக் கவனியுங்கள். மே மாத வெயிலில் கறுப்புப் பெட்டியின் உள்ளே 60 டிகிரி வந்துவிடும். சூடேறிய காற்று விரிந்து, ஏதோ ஓர் இடுக்கு வழியாகக் கொஞ்சம் வெளியேறும். சாயங்காலம் திடீரென்று ஒரு கோடை மழை பிடித்தால் பெட்டி 25 டிகிரிக்கு இறங்கிவிடும். கெல்வினில் பார்த்தால் 333-லிருந்து 298. உள்ளழுத்தம் ஏறத்தாழ 10 சதவீதம் குறையும். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு! அந்த விசையோடு, மழையில் நனைந்திருக்கும் அதே இடுக்கு வழியாகப் பெட்டி தண்ணீரை உறிஞ்சுகிறது. ஒரு தடவைக்கு ஒரு சொட்டு போனாலும் போதும், அது வெளியே வர வழியில்லை.

ஐபி67 சோதனையில் இது தெரியவே தெரியாது. இந்த ஐபி எண்களை வரையறுக்கும் ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரத்தின்படி ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் முக்கி வைப்பார்கள். தண்ணீருக்கும் கருவிக்கும் 5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்று அந்தத் தரமே சொல்கிறது. சூடான பெட்டியில் குளிர்ந்த மழை விழும் நிலைமை அங்கே வருவதே இல்லை. அதோடு, கேபிளுக்காக நீங்கள் ஓட்டை போட்ட பிறகு பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணை நம்ப முடியாது. கடைசி இலக்கம் தண்ணீருக்கானது; அது 7 என்றால் 5, 6 எல்லாம் அதற்குள் அடக்கம் என்றும் நினைக்காதீர்கள். முக்குவது (7) வேறு, பீய்ச்சுவது (5, 6) வேறு. குழாய் வைத்துக் கழுவும் இடமென்றால் ஐபி66 சான்றும் உள்ள பெட்டியாகக் கேளுங்கள்.

அதனால் என் கருத்து இதுதான்: பெட்டியை மூச்சுவிட விடுங்கள். காற்றை விட்டு, தண்ணீர்த் துளியைத் தடுக்கும் பி.டி.எஃப்.இ. (டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக்) சவ்வு வைத்த வென்ட் பிளக்குகள், கிளாண்ட் (கேபிளை இறுக்கிப் பிடித்து ஓட்டையை அடைக்கும் திருகு மூடி) மாதிரியே மரையோடு கிடைக்கின்றன. பெட்டியின் பக்கச் சுவரிலோ அடியிலோ ஒன்றைப் பொருத்துங்கள். மேலே வைத்தால் அதன்மேல் தண்ணீர் தேங்கும். உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் சமமாகிவிட்டால் காஸ்கெட்டுக்குப் பாதி வேலை குறைந்துவிடும். ஆனால் நீராவி அந்தச் சவ்வு வழியாகப் போய்வரும். ஆகவே உள்ளிருக்கும் மின்சுற்றுப் போர்டின்மேல் கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் படாமல் காக்கும் மெல்லிய பூச்சு) கட்டாயம் வேண்டும். வென்ட் வைத்த பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போடுவது வீண், சீக்கிரமே ஈரம் குடித்து நிறைந்துவிடும்.

அப்புறம் கேபிள். தண்ணீர் பெரும்பாலும் இங்கேதான் வழி கண்டுபிடிக்கிறது. கிளாண்ட் உருண்டைக் கேபிளை மட்டுமே சரியாகப் பிடிக்கும். ஒரே கிளாண்டில் இரண்டு ஒயரையோ தட்டைக் கேபிளையோ நுழைத்தால் நடுவில் இடைவெளி நிற்கும். கிளாண்ட் எப்போதும் பெட்டியின் அடியில் இருக்கட்டும். கேபிள் கீழே தொங்கி வளைந்து மேலேறி வந்தால் வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பலரும் பார்க்காமல் விடுவது கேபிளின் மறுமுனை. அது திறந்து நனைந்து கிடந்தால், உறைக்கும் கம்பி இழைகளுக்கும் இடையிலேயே தண்ணீர் ஊர்ந்து பெட்டிக்குள் வந்துவிடும். கிளாண்ட் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. அந்த முனையில் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்) போடுங்கள்.

மூடியை நீங்களே வடிவமைப்பதாக இருந்தால், ஸ்க்ரூ ஓட்டைகள் காஸ்கெட் கோட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு கசிவு. ஸ்க்ரூக்கள் தள்ளித் தள்ளி இருந்தால் பிளாஸ்டிக் மூடி நடுவில் வளைந்து தூக்கும், நெருக்கி வையுங்கள். சிலிக்கான் பூசத்தான் வேண்டும் என்றால் நியூட்ரல் க்யூர் சிலிக்கான் வாங்குங்கள். புளித்த வினிகர் வாசனை அடிக்கும் வகை அசிட்டிக் அமிலத்தை விடும், செம்பில் களிம்பு ஏறிவிடும். வெள்ளைப் பெட்டி, மேலே ஒரு தகடு நிழல்: இந்த இரண்டும் பெரிய செலவில்லாமல் சூட்டைக் குறைக்கும்.

சோதனைக்கு ஆய்வகம் தேவையில்லை. கேபிளெல்லாம் மாட்டி, போர்டுக்குப் பதில் டிஷ்யூ பேப்பர் வைத்து மூடுங்கள். பெட்டியை மதிய வெயிலில் நன்றாகச் சூடேறவிட்டு, அப்படியே எடுத்துக் குளிர்ந்த தண்ணீர் வாளியில் முக்குங்கள். அரை மணி நேரம் கழித்துத் துடைத்துத் திறந்தால், பேப்பர் எந்த மூலையில் நனைந்திருக்கிறதோ அங்கிருந்து தேடத் தொடங்கலாம். போர்டை அதற்குப் பிறகு வையுங்கள். லெட் ஆசிட் பேட்டரி வைப்பதாக இருந்தால் அதற்குக் காற்றோட்டமுள்ள தனிப் பெட்டி வேண்டும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும்.