கென்சிங்டன் மரங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். செப்புத் தகட்டு ஓவியங்கள் பற்றிய கட்டுரையில் ஃபிரான்சிஸ் சீமோர் ஹேடனைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அவருடைய ‘கென்சிங்டன் தோட்டம்’ என்ற எட்சிங்கை, அதாவது ஊசியால் கீறி அமிலத்தில் அரித்த தகட்டிலிருந்து அச்சிட்ட படத்தை, தேடிப் பார்த்தேன். லண்டனின் புகழ்பெற்ற பூங்கா என்கிறார்கள். ஆனால் படத்தில் அரண்மனையும் இல்லை, குளமும் இல்லை, மரங்கள்தான். அவருடைய வேறு படங்களிலும் பல இடங்களை வெறும் காகிதமாகவே விட்டிருக்கிறார். தொழிலால் அறுவை மருத்துவராம். ஓய்வுநேரத்தில் ஒரு மருத்துவர் வரைந்ததை இவ்வளவு உயர்த்திச் சொல்லலாமா? அப்புறம், ஒரே தலைப்பில் இரண்டு படங்கள் கிடைக்கின்றன. எதைப் பார்ப்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மருத்துவர் என்பது உண்மை. ஹேடன் (1818–1910) லண்டன் ஸ்லோன் தெருவில் குடியிருந்து மருத்துவம் பார்த்தவர். ஆனால் பொழுதுபோகாமல் ஊசியை எடுத்தவர் இல்லை. 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் எட்சிங்குகளைத் தேடித்தேடிச் சேர்த்து, எதை எந்த வயதில் வரைந்தார் என்று வரிசைப்படுத்திப் படித்தவர். 1840களில் இத்தாலியில் சில தகடுகள் செய்துவிட்டுப் பல ஆண்டுகள் சும்மா இருந்தார். 1858 வாக்கில் மனைவியின் மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பியான அமெரிக்க ஓவியர் ஜேம்ஸ் விஸ்லர் வீட்டுக்கு வந்து போகத் தொடங்கியதும் மறுபடி வேகம் பிடித்தது. நீங்கள் பார்த்த பூங்காப் படம் அந்த வேகத்தில் பிறந்தது. மொத்தம் சுமார் 250 தகடுகள். 1880இல் எட்சிங் ஓவியர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கி, சாகும்வரை அதன் தலைவராக இருந்தார். இதற்குமேல் ஒருவர் ஓவியர் என்பதற்கு என்ன சான்று வேண்டும்?

வெறும் காகிதம் பற்றி நீங்கள் கேட்டதுதான் எனக்கு முக்கியம். அன்றைய இங்கிலாந்தில் செதுக்குக் கலைஞர்களின் பெரிய வேலை, பிறர் வரைந்த எண்ணெய் ஓவியங்களை உலோகத் தகட்டில் நகலெடுப்பது. மாதக்கணக்கில் உட்கார்ந்து, தகட்டின் மூலைமுடுக்கெல்லாம் கோடுகளால் நிரப்புவார்கள். நிரப்பினால்தான் கூலிக்கு மதிப்பு. ஹேடன் இதை மனதார எதிர்த்தார். தகட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய், கண் முன்னால் இருப்பதை அங்கேயே வரைய வேண்டும் என்பது அவர் கட்சி.

அப்படி வரைவது லேசில்லை. செப்புத் தகட்டின் மேல் மெழுகுப் பூச்சு. அதில் ஊசியால் கீறினால் செம்பு தெரியும். பிறகு அமிலத்தில் இட்டால் கீறிய இடம் மட்டும் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். அந்தப் பள்ளத்தில் மை நிரப்பிக் காகிதத்தில் அச்சிடுவார்கள். அதிக நேரம் அரித்தால் கோடு அச்சில் கருமையாக விழும். ஹேடன் வற்புறுத்திய முறையில் தகடு அமிலத்தில் கிடக்கும்போதே வரைய வேண்டும். முதலில் முன்னால் நிற்கும் கரிய அடிமரங்கள், கடைசியில் தொலைவின் மெல்லிய கோடுகள். முதலில் போட்டது அதிக நேரம் அரிபடும், கடைசியில் போட்டது லேசாக. வரைகிற வரிசையிலேயே தூரமும் வெளிச்சமும் வந்துவிடும். இதில் தயங்க இடமில்லை. எந்தக் கோடு வேண்டாம் என்பதை ஊசி தொடும் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். நீங்கள் வெறுமை என்று நினைக்கும் இடங்களில் அந்தத் தீர்மானம்தான் இருக்கிறது. அங்கே காகிதமே வெயில்.

அரண்மனை ஏன் இல்லை? ஹேடன் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய இடம் அந்தப் பூங்கா. ஒருகாலத்தில் அரச குடும்பத்தின் தோட்டம். 18ஆம் நூற்றாண்டில் சனிக்கிழமைகளில் மட்டும், அதுவும் நல்ல உடை உடுத்தியவர்களை மட்டும் உள்ளே விட்டார்கள். ஹேடன் காலத்தில் அது லண்டன்காரர்கள் சாதாரணமாக உலவும் பூங்கா. அரண்மனையையும் வட்டக் குளத்தையும் எத்தனையோ பேர் வரைந்திருக்கிறார்கள். தினமும் கடந்துபோகிற மரங்களை ரெம்பிராண்டுக்குக் கொடுக்கும் அதே கவனத்தோடு பார்த்தவர்கள் குறைவு. அதற்காகத்தான் நான் இவரை உயர்த்திச் சொல்கிறேன். இன்னும் உயர்த்தவும் தயார். அரண்மனை இன்றும் நிற்கிறது. அந்தப் பூங்காவின் அகன்ற நடைபாதையில் வரிசையாக நின்ற பழைய எல்ம் மரங்கள் 1953இல் வெட்டப்பட்டுவிட்டன.

சரி, இரண்டு படங்கள். இரண்டும் அவருடையவைதான். சிறிய தகடு 1859, பெரிய தகடு 1860. சிறியதிலிருந்து தொடங்குங்கள். அஞ்சலட்டையைவிட அதிகம் பெரிதில்லை, ஆகவே திரையில் மிகவும் பெரிதாக்காதீர்கள். கோடுகள் பிரிந்து மரம் கலைந்துவிடும். அதில் டிரைபாயிண்டும் உண்டு. அமிலம் இல்லாமல் ஊசியால் நேரே செம்பைக் கீறும் முறை அது. கீறலின் ஓரம் எழும் பிசிறில் மை தங்கி, வெல்வெட் போன்ற கருமை தரும். அச்சு இயந்திரத்தின் அழுத்தத்தில் அந்தப் பிசிறு சீக்கிரமே நசுங்கிப்போகும். எனவே முதலில் எடுத்த பிரதிகளுக்கும் பிந்தியவற்றுக்கும் நிறைய வித்தியாசம். பிரிட்டிஷ் மியூசியம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் தளங்களில் ஹேடனின் அச்சுகள் உள்ளன. ஒரே படத்தின் வேறுவேறு பிரதிகள் கிடைத்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விஸ்லரும் அதே 1859இல் ‘கிரீனிச் பூங்கா’ என்று ஒரு எட்சிங் செய்தார். அதையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.