துரைப்பாக்கம் குடோனை செல்ஃப் ஸ்டோரேஜ் ஆக்கலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்கு ஒரு கடை, மாதம் 25,000 ரூபாய் வாடகை வருகிறது. சென்னை துரைப்பாக்கத்தில் 3,000 சதுர அடி குடோன், தரைத்தளம், விலைக்கு வந்திருக்கிறது. அறை அறையாகத் தடுத்து, வீட்டுச் சாமான் வைக்க விடும் செல்ஃப் ஸ்டோரேஜ் நடத்தலாம் என்கிறான் மகன். குடோனாகவே விட்டால் 75,000 வரும் என்கிறார் புரோக்கர். எது மேல்?

பதில்: ஓ.எம்.ஆர். பக்கம் வீடு மாற்றுகிறவர்கள், வெளிநாடு போகிறவர்கள் நிறைய. ஆள் வருவார்கள், சரி. ஆனால் இது வாடகைக் கட்டடம் இல்லை. லாட்ஜ் நடத்துகிற மாதிரி. அறை காலியாகக் கிடந்தாலும் வாட்ச்மேன் சம்பளம் நிற்காது.

நடைபாதை, ஆபீஸ், சாமான் இறக்கும் இடம் போக 2,100 சதுர அடி மிஞ்சும். சதுர அடிக்கு மாதம் 70 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முழுக்க நிரம்பினால் 1,47,000. வாட்ச்மேன், கரண்ட், கேமரா, கரையான் மருந்து, விளம்பரம் என்று 45,000 போனால், 82 சதவீதம் நிரம்பினால்தான் புரோக்கர் சொல்லும் 75,000-ஐத் தொடுவீர்கள். 60 சதவீதத்தில் நின்றால் கைக்கு 43,000தான். தடுப்பு போடும் செலவு தனி. முதல் வருடமே 82 நிரம்பும் என்று நான் நம்பமாட்டேன். இடம் மூன்று மடங்கு பெரிதாக இருந்தாலும் வாட்ச்மேன் செலவு கிட்டத்தட்ட இதேதான். அதனால்தான் சின்ன இடத்தில் இந்தத் தொழில் கட்டுப்படியாவது கஷ்டம்.

அதைவிட எனக்கு உறுத்துவது தரைத்தளம். தானே புயலும் ஃபெஞ்சல் புயலும் பார்த்த கடலூர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. துரைப்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அந்தத் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகத்தான் பக்கிங்காம் கால்வாய்க்கு வடிகிறது. 2015, 2023 டிசம்பர் மழைகளில் பள்ளிக்கரணை பட்ட பாடு தெரிந்ததே. இடம் பார்க்கும்போது புதுப் பெயின்ட்டை நம்பாதீர்கள். ஷட்டர் அடியில் துரு எதுவரை ஏறியிருக்கிறது, ஸ்விட்ச் போர்டை நெஞ்சு உயரத்துக்கு மாற்றிவிட்டுக் கீழே பழைய ஓட்டையைப் பூசியிருக்கிறார்களா என்று பாருங்கள். எதிர்க்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு, தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். மெத்தையும் சோபாவும் நனைந்தால் அத்தனை குடும்பமும் உங்கள் வாசலில்தான் வந்து நிற்கும்.

ஜி.எஸ்.டி.யில் ஒரு சிக்கல். முழுக்க நிரம்பினால் வருட வசூல் 17.64 லட்சம்; ஜி.எஸ்.டி. பதிவுக்கான 20 லட்ச வரம்புக்குள் வருகிறதே என்று தோன்றும். ஆனால் ஒரே பான் எண்ணில் உள்ள கடை வாடகை 3 லட்சமும் அதோடு சேரும். வரம்பு தாண்டினால் 18 சதவீதம் வரி.

சாமான் வைப்பவரிடம் வாடகை ஒப்பந்தம் போடாமல், இடத்தைப் பயன்படுத்த அனுமதி மட்டும் தரும் உரிம ஒப்பந்தமாக (லைசென்ஸ்) வக்கீலை வைத்து எழுதுங்கள். பணம் பாக்கி என்றால் எத்தனை நாள் நோட்டீஸ், அப்புறம் சாமானை என்ன செய்வது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இஷ்டத்துக்குப் பூட்டை உடைத்தால் வம்பு. கேஸ் சிலிண்டர், பெட்ரோல் கூடாது என்பதையும் சேருங்கள்.

என் யோசனை: தண்ணீர் ஏறாத இடம் என்று உறுதியானால் மட்டும் வாங்கி, குடோனாகவே விடுங்கள். விலை பேசும்போதும் 75,000-ஐ வைத்தே பேசுங்கள். 1,47,000-ஐ வைத்து விற்பவர் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.